திரவ அழுத்தச் சாணை யந்திரங்களும் நிறுத்தும் முறையும்

தொழிற்கூடம் ஒன்றில் மின்சாரம் திடீரெனத் தடைப்படுமாயின், அங்குள்ள யந்திரங்களிற் பெரும்பாலானவை சிறிது நேரத்தில் தீங்கற்றவையாகி விடுகின்றன. கடைசல் யந்திரம் சில சுற்றுகள் சுற்றி ஓய்கிறது. துளையிடும் யந்திரமும் அவ்வாறே. மின்காந்தத்தினால் பொருளைப் பற்றி, எண்ணெயின் அழுத்தத்தினால் மேஜையை ஓட்டும் சமதளச் சாணை யந்திரமோ இவ்விதிக்கு அடங்குவதில்லை. மின்சாரம் நின்றதும் அதன் மேஜை நிற்கிறது. பொருளைப் பற்றியிருந்த காந்தம் தன் பிடியைத் தளர்த்துகிறது. சாணைச் சக்கரம் மட்டும் நிமிடக் கணக்கில் சுழன்றுகொண்டே இருக்கிறது. நிற்க வேண்டியது ஓடுகிறது. பிடிக்க வேண்டியது விடுகிறது. இம்முரண்பாட்டைத் தீர்க்காத எந்த ஏற்பாடும் இவ்வகை யந்திரத்துக்குப் பாதுகாப்பு ஆகாது. ஆயினும், சாணை யந்திரப் பாதுகாப்பைப் பற்றிய பேச்சு இன்றும் சக்கரத்தின் மேலுள்ள எஃகுக் கவசத்தோடும், சுவரில் தொங்கும் எச்சரிக்கைப் பலகையோடும், ஒரு சிவப்புப் பொத்தானோடும் முடிந்துவிடுகிறது.

எண்ணெயினால் மேஜையை ஓட்டும் முறை சாணை யந்திரத்துக்கு வந்து சுமார் ஒரு நூற்றாண்டு ஆகிறது. அமெரிக்காவின் பிரௌன் அண்டு ஷார்ப் நிறுவனம் 1876-ஆம் ஆண்டில் தன் பொதுவகைச் சாணை யந்திரத்தைக் காட்சிக்கு வைத்தபோது மேஜையைப் பல்சக்கரங்களும் வார்ப்பட்டைகளுமே நகர்த்தின. 1891-இல் அச்சிசன் என்பவர் கார்போரண்டம் என்னும் செயற்கைச் சாணைப் பொருளை உண்டாக்கினார். சக்கரங்கள் வலுப்பெற்றன, வேகம் உயர்ந்தது, மேஜை திரும்பும்போது ஏற்படும் அதிர்ச்சி பொருளின் மேற்பரப்பில் தழும்பாக விழுந்தது. 1920-களில் எண்ணெய் அழுத்த முறை புகுந்து இக்குறையைப் போக்கிற்று. எண்ணெய் மேஜையை மெதுவாகத் திருப்புகிறது. வேகத்தை எவ்வளவு வேண்டுமாயினும் நுட்பமாகக் கூட்டவும் குறைக்கவும் இடந்தருகிறது. 1953-இல் பெங்களூரில் ஹிந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் தோன்றிய பின்னர் இந்தியாவில் யந்திரக் கருவித் தொழில் விரிவடைந்தது. லூதியானா, படாலா, ராஜ்கோட் முதலிய ஊர்களின் சிறு தொழிற்கூடங்களிலும் இன்று சாணை யந்திரங்கள் உருவாகின்றன. அவற்றின் துல்லியத்தைப் பற்றி வாங்குவோர் கேட்கும் கேள்விகள் பல. நிறுத்தினால் என்ன ஆகும் என்று கேட்போர் சிலரே.

எண்ணெயின் வலிமையை முதலில் அளந்து பார்க்கலாம். ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் பரப்பு ஏறக்குறைய 19.6 சதுர சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு 15 கிலோகிராம் என்பது திரவ அழுத்த யந்திரங்களுக்குள் மிகத் தாழ்ந்த அழுத்தமே. சாணை மேஜைக்கு அது போதும். அவ்வழுத்தத்திலும் அந்தப் பிஸ்டன் சுமார் 295 கிலோகிராம் பளுவுக்கு நிகரான விசையோடு மேஜையைத் தள்ளுகிறது. மேஜையின் வேகம் மனிதன் நடக்கும் வேகத்தைவிடக் குறைவு என்பதால் பார்ப்பவருக்கு அச்சம் தோன்றுவதில்லை. ஆனால் கை ஒன்று இடையில் அகப்பட்டால் எண்ணெய் இளைப்பதுமில்லை, தயங்குவதுமில்லை. விடுவிப்பு வால்வு திறக்கும் வரை தள்ளிக்கொண்டே இருக்கும். பம்பு நின்றால் இவ்விசை விரைவில் அடங்கிவிடுகிறது என்பது இம்முறையின் நற்குணம்.

சக்கரத்தின் இயல்பு இதற்கு நேர்மாறானது. 350 மில்லிமீட்டர் விட்டமுள்ள சக்கரம் நிமிடத்துக்கு 1440 சுற்றுகள் சுழலும்போது அதன் விளிம்பு வினாடிக்கு 26 மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில், அதாவது மணிக்கு 95 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அச்சுழற்சியில் அடங்கியுள்ள ஆற்றல், அதே சக்கரத்தை 20 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது ஆறு மாடிக் கட்டடத்தின் உச்சியிலிருந்து, கீழே போட்டால் தரையில் மோதும் ஆற்றலுக்குச் சமம். மின்சாரத்தை நிறுத்துவதனால் இவ்வாற்றல் மறைந்துவிடாது. தாங்கிகளின் உராய்விலும் காற்றின் தடையிலும் சிறிது சிறிதாகவே கரையும். பொத்தானை அழுத்திய தொழிலாளி யந்திரம் நின்றுவிட்டதாக எண்ணிப் பொருளை எடுக்கக் கை நீட்டும் வேளை இதுவே. நல்ல தாங்கிகள் உள்ள யந்திரத்தில் சக்கரம் ஓசையின்றிச் சுழலும். மங்கிய வெளிச்சத்தில் அது நின்றிருப்பது போலவே தோன்றும்.

மூன்றாவதாக உள்ளது, தொழிற்கூடங்களில் மாக்னெடிக் சக் என வழங்கும் காந்தப் பிடிமேடை. பொருளைத் திருகாணியினாலன்றிக் காந்தத்தினால் பற்றுவதால் வேலை விரைந்து முடிகிறது. பொருளின் மேற்பரப்பு முழுவதும் சக்கரத்துக்குத் திறந்திருக்கிறது. ஆனால் மின்காந்தத்தின் பிடி மின்னோட்டம் உள்ளவரைதான். மின்னோட்டம் நின்றதும் எஞ்சும் சிறிதளவு காந்தம், முழு வேகத்தில் சுழலும் சக்கரம் உராயும் பொருளைப் பிடித்து வைக்கப் போதாது. சிறிய பொருளும், அடி குறுகி உயர்ந்த பொருளும் சக்கரத்தினால் வீசி எறியப்படுகின்றன. அல்லது சக்கரத்துக்கும் மேஜைக்கும் இடையே சிக்கிச் சக்கரத்தையே உடைக்கின்றன.

இம்மூன்றையும் ஒருங்கே நோக்கினால் ஓர் உண்மை புலப்படுகிறது. சாணை யந்திரத்தில் நிறுத்துதல் என்பது ஒரே செயல் அன்று. குறிப்பிட்ட வரிசையில் நிகழவேண்டிய பல செயல்களின் தொகுதி. மேஜையின் ஓட்டம் முதலில் நிற்க வேண்டும். சக்கரம் பொருளை விட்டு விலக வேண்டும். பிடிமேடைக்குச் செல்லும் மின்னோட்டம், சக்கரம் விலகி ஓயும் வரை தொடர வேண்டும். சக்கரத் தண்டு எண்ணெய்ப் படலத்தின் மீது மிதக்கும் வகையைச் சேர்ந்ததாயின், அதற்கு எண்ணெய் ஊட்டும் பம்பும் அதுவரை ஓட வேண்டும். இன்றேல் தண்டும் தாங்கியும் உரசிக் கெடும். எல்லா இணைப்பையும் ஒரே நொடியில் துண்டிக்கும் சிவப்புப் பொத்தான் இவ்வரிசையை அறியாது. அதை அழுத்துபவர் அபாயத்தைத் தடுப்பதாக எண்ணிக்கொண்டு, பிடிமேடையின் காந்தத்தையும் சேர்த்து நீக்கிவிடுகிறார். இத்தகைய பொத்தானைப் பாதுகாப்புச் சாதனம் என்று அழைப்பது பொருந்தாது. மின்தடையின் போது நிகழும் அதே விபத்தை மனிதன் தன் கையாலேயே நிகழ்த்துவதற்கு அது வழி செய்கிறது.

சர்வதேசத் தரங்கள் இதனை உணர்ந்தே நிறுத்தத்தை வகைப்படுத்தியுள்ளன. மின்சாரத்தை உடனே முற்றிலும் துண்டிப்பது ஒரு வகை. யந்திரம் ஒழுங்காக நிற்கும் வரை மின்சாரத்தைக் கொடுத்து, நின்ற பின் துண்டிப்பது மற்றொரு வகை. அவசர நிறுத்தத்துக்கு இரண்டில் எதனையும் கையாளலாம். புதிய அபாயத்தை அது தோற்றுவிக்கக் கூடாது என்பதே நிபந்தனை. நிலையான சாணை யந்திரங்களுக்கெனத் தனியே ஒரு பாதுகாப்புத் தரம் 2015-இல் வெளியிடப்பட்டது. சாணை யந்திரம் செய்வோர் இரண்டாம் வகையை மேற்கொள்வதே முறை. மலிவு கருதி முதல் வகையோடு நின்றுவிடும் யந்திரங்கள் சந்தையில் இருப்பது வருந்தத்தக்கது.

மின்தடைக்கு மாற்று என்ன? நிரந்தரக் காந்தத்தினாலான பிடிமேடைக்கு மின்சாரமே வேண்டுவதில்லை. மின்னோட்டத்தை ஒரு கணம் செலுத்திக் காந்தமேற்றவும், மீண்டும் ஒரு கணம் செலுத்திக் காந்தம் நீக்கவும் இயலும் கலப்பு வகையும் உண்டு. இடையில் மின்சாரம் நின்றாலும் அதன் பிடி விடாது. இவ்வகையின் விலை அதிகம் என்பது உண்மையே. அவ்விலை கொடுக்க இயலாதவர், மின்காந்தத்துக்குத் துணையாக மின்கலத் தொகுதி ஒன்றை வைத்துக்கொள்ளலாம். இவற்றோடு, பிடிமேடையின் மின்னோட்டத்தைக் கண்காணிக்கும் ரிலே ஒன்று இன்றியமையாதது. மின்னோட்டம் போதிய அளவு இல்லாதபோது மேஜையை ஓடவிடாமலும், ஓடும்போது குறைந்தால் மேஜையை உடனே நிறுத்தியும் அது காக்கிறது. ஆனால் இந்த ரிலேயின் எல்லையையும் கூறிவிடுவது நேர்மை. அது மின்னோட்டத்தை அறியுமேயன்றிப் பிடியை அறியாது. மேடையின் மீது பித்தளைத் துண்டை வைத்தாலும், மிக மெல்லிய தகட்டை வைத்தாலும், அடியில் தூசி படிந்திருந்தாலும் மின்னோட்டம் குறையாது, பிடிதான் குறையும். ஆகையால் பொருளின் முன்னும் பின்னும் தடுப்புக் கட்டை வைக்கும் பழைய பழக்கத்தை எந்த ரிலேயும் மாற்றிவிடவில்லை.

சக்கரத்தைப் பிரேக் போட்டு உடனே நிறுத்தினால் என்ன என்று கேட்கலாம். மோட்டாருக்கு நேர்மின்னோட்டம் செலுத்தி நிறுத்தும் முறை உண்டு. ஆயினும் மின்சாரமே இல்லாத வேளையில் அது பயன்படாது. மேலும், கடுமையாக நிறுத்தினால் சக்கரத்தின் சுழல்வேகம் அதனைப் பற்றியுள்ள மறையைக் கழற்ற முற்படும். அளவோடு, மெதுவாக நிறுத்தும் பிரேக் நன்று. அதனை மட்டும் நம்புவது நன்றன்று.

எண்ணெயின் நற்குணத்தைப் பாதுகாப்புக்கே பயன்படுத்தியதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு, உருளைகளைச் சாணையிடும் யந்திரத்தில் காணக் கிடைக்கிறது. அதில் பொருள் இரு முனைகளுக்கு இடையே தாங்கப்படுகிறது. ஒரு முனையைத் தொழிலாளி கால்மிதியினால் எண்ணெய் அழுத்தத்தின் உதவியோடு பின்னிழுத்துப் பொருளை எடுக்கிறார். சக்கரம் பொருளோடு பொருந்தியிருக்கும்போது தவறிக் கால் பட்டுவிட்டால்? இதனைத் தடுக்க, கால்மிதியின் வால்வுக்குச் செல்லும் எண்ணெயை, சக்கரத் தலைப்பகுதி பின்னே நிற்கும்போது மட்டும் திறக்கும் வழியாகச் செலுத்தினர். சக்கரம் முன்னே உள்ளவரை எவ்வளவு மிதித்தாலும் முனை அசையாது. மின்சாரக் கம்பியோ, விளக்கோ, பலகையோ இதற்குத் தேவையில்லை. எண்ணெய் செல்லும் பாதையே இடைப்பூட்டாகிவிடுகிறது. இவ்வகை யந்திரங்கள் சிலவற்றில் எண்ணெய் அழுத்தம் உள்ளவரை மட்டுமே சக்கரத் தலைப்பகுதி முன்னே நிற்கும். அழுத்தம் குறைந்தால் வில்சுருளோ, சேமிப்புக் கலத்திலுள்ள எண்ணெயோ அதனைப் பின்னுக்கு இழுத்துவிடும். சக்தி இழந்த நிலையில் யந்திரம் தானாகவே தீங்கற்ற இடத்துக்குச் செல்லுமாறு அமைப்பதே பொறியியலின் பெருமை. சேமிப்புக் கலம் உள்ள யந்திரத்தைப் பழுது பார்ப்பவர், பம்பு நின்ற பிறகும் அழுத்தம் உள்ளே இருக்கும் என்பதை மறவாது, அழுத்தமானி பூஜ்யத்தைக் காட்டும் வரை குழாயைக் கழற்றலாகாது.

நின்ற மின்சாரம் திரும்ப வரும் வேளையும் கவனத்துக்குரியது. மின்சாரம் வந்தவுடன் மோட்டார்கள் தாமாகவே ஓடத் தொடங்காதவாறு காக்கும் ஸ்டார்ட்டர் பெரும்பாலான யந்திரங்களில் இருக்கிறது. ஆனால் மேஜையை ஓட்டும் கைப்பிடி பல யந்திரங்களில் வெறும் வால்வை மட்டுமே திருப்புகிறது; அது மின்சுற்றைச் சேர்ந்ததன்று. மின்தடையின்போது தொழிலாளி அதனை நடுநிலைக்குக் கொணராமல் சென்றுவிட்டால், மற்றொருவர் வந்து பம்பை ஓட்டிய மாத்திரத்தில் மேஜை பாய்கிறது. கைப்பிடி நடுநிலையில் இல்லாதபோது பம்பு ஓட மறுக்குமாறு ஒரு சிறிய ஸ்விட்சை அமைத்தால் இவ்வபாயம் நீங்கும். அதற்கு ஆகும் செலவு ஒரு சாணைச் சக்கரத்தின் விலையை எட்டாது.

சாணை யந்திரம் தன் பகையைத் தானே உண்டாக்கிக்கொள்கிறது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. சாணையிடும்போது எழும் நுண்ணிய துகள்கள் எண்ணெயிற் கலந்து வால்வின் உட்தண்டைச் சிக்கவைக்கின்றன. மேஜையைத் திருப்பும் கட்டை வால்வைத் தட்டுகிறது; வால்வு திரும்புவதில்லை; மேஜை எல்லை கடந்து செல்கிறது. வடிகட்டியை உரிய காலத்தில் மாற்றுவதைச் சிக்கனக் கணக்கில் தள்ளிப் போடும் தொழிற்கூடங்கள், அது பாதுகாப்புக் கணக்கைச் சேர்ந்தது என்பதை அறிவதில்லை. மேஜை மந்தமாக ஓடினால் காரணத்தைத் தேடாமல் விடுவிப்பு வால்வின் திருகை இறுக்குவதும் வழக்கமாகி வருகிறது. அழுத்தம் இருமடங்கானால் மேஜையின் விசையும் இருமடங்காகும். அத்திருகை முத்திரையிட்டு, அருகிலேயே அழுத்தமானியை வைத்து, உரிய அழுத்தத்தைச் சிவப்புக் கோட்டால் குறித்துவிடுவது எளிய பரிகாரம்.

சட்டம் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டத்தின் 25-ஆம் பிரிவு, தானியங்கி யந்திரத்தின் ஓடும் பகுதி, ஆட்கள் நடமாடக்கூடிய இடத்தில், யந்திரத்தைச் சேராத நிலையான எந்த அமைப்புக்கும் 45 சென்டிமீட்டருக்குள் வரலாகாது என்றது. மேஜையின் முனைக்கும் சுவருக்கும் இடையே ஆள் நசுங்காதிருக்க இது உதவும். 30-ஆம் பிரிவு, ஒவ்வொரு சாணை யந்திரத்தின் அருகிலும் சக்கரத்தின் பாதுகாப்பான உச்ச விளிம்பு வேகத்தையும், தண்டின் வேகத்தையும், அதற்குரிய கப்பியின் விட்டத்தையும் அறிவிக்கச் சொல்லிற்று. சாணைச் சக்கரங்களைப் பேணும் முறை பற்றி இந்தியத் தரம் ஒன்றும் உண்டு; அதன் எண் 1991 (இது ஆண்டைக் குறிப்பதன்று). பழைய சட்டத்தின் இடத்தைப் பெறுவதற்கெனத் தொழிற் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச் சூழல் பற்றிய தொகுப்புச் சட்டம் 2020-இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எனினும் கப்பியின் விட்டத்தை அறிவிக்கும் விதி, வார்ப்பட்டைகள் யந்திரங்களை ஓட்டிய காலத்துக்கு உரியது. இன்று மின்சாரத்தின் அதிர்வெண்ணை மாற்றும் கருவி ஒன்றின் குமிழைத் திருப்பினால் கப்பி எதையும் மாற்றாமலே வேகம் உயர்கிறது. 50 அதிர்வெண்ணுக்குரிய மோட்டாரை 60-இல் ஓட்டினால் வேகம் ஐந்தில் ஒரு பங்கு கூடும். சக்கரத்தைப் பிளக்க முயலும் விசையோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்ததாகையால் 44 சதவிகிதம் கூடும். இதைத் தடுப்பது அறிவிப்புப் பலகையால் ஆகாது; அக்கருவியின் உச்ச வேகத்தைப் பூட்டி வைப்பதனாலேயே ஆகும்.

தேர்ந்த தொழிலாளியே சிறந்த பாதுகாப்பு என்று வாதிப்போர் உளர். சக்கரத்தை மரக்கட்டையால் மெல்லத் தட்டி ஓசையால் விரிசலை அறிவதும், புதிய சக்கரத்தைப் பொருத்திய பின் கவசத்தோடு ஒரு நிமிடமேனும் வெறுமனே ஓடவிட்டு ஒதுங்கி நிற்பதும் பயிற்சியினால் வருவனவே, அவற்றுக்கு ஈடில்லை. ஆனால் அறுபட்ட மின்னோட்டத்தை எந்தப் பயிற்சியும் பிடித்து நிறுத்தாது. வேறு சிலர், இடைப்பூட்டுகளை வைத்துத்தான் என்ன பயன், தொழிலாளிகள் கம்பி கட்டி அவற்றைச் செயலற்றதாக்கி விடுகிறார்களே என்கின்றனர். அது நடப்பது மெய்தான். குளிர்விக்கும் நீர் தெறித்து அடிக்கடி பழுதாகும் ஸ்விட்சும், வைரமுனையால் சக்கரத்தைச் சீர்செய்வதற்குக் கவசத்தைத் திறந்தாலே யந்திரத்தை முடக்கும் பூட்டும் வேலையைக் கெடுப்பவை; கம்பி கட்டப்படுவதில் வியப்பில்லை. அங்கே குற்றவாளி தொழிலாளி மட்டுமல்லர். சீர்செய்யும் வேலைக்கெனத் தனி நிலையை அமைக்கத் தவறிய வடிவமைப்பாளரும் ஆவார்.

இவற்றையெல்லாம் நடைமுறைக்குக் கொணரும் ஆற்றல் வாங்குவோரிடம் உள்ளது. ரெயில்வே பணிமனைகள், படைக்கலத் தொழிற்சாலைகள், தொழிற்பயிற்சி நிலையங்கள் முதலிய அரசுச் சார்புடைய இடங்கள் சாணை யந்திரங்களைப் பெருமளவில் வாங்குகின்றன. அவற்றின் விவரக்குறிப்பில் மேற்பரப்பின் துல்லியம் மைக்ரான் அளவில் எழுதப்படுகிறது. ஏற்பதற்குமுன் அது அளந்தும் பார்க்கப்படுகிறது. பாதுகாப்புக்கு மட்டும் 'தயாரிப்பாளரின் வழக்கப்படி' என்ற ஒரு வரி போதுமென விடப்படுவது ஏன்? ஏற்புச் சோதனையில் மேலும் இரண்டு சோதனைகளைச் சேர்ப்பது கடினமன்று. முதலாவது, தடுப்புக் கட்டைகளோடு பொருளைப் பிடிமேடையில் வைத்து, சக்கரத்தை அதனினின்றும் நன்கு உயர்த்தி, மேஜை ஓடும்போது பிரதான ஸ்விட்சை அணைத்து, எது நிற்கிறது, எது பிடிக்கிறது, எது எவ்வளவு நேரம் சுழல்கிறது என்று குறித்துக்கொள்வது. பின்னர் மின்சாரத்தைத் திருப்பிக் கொடுத்து, எதுவும் தானாக அசைகிறதா என்று பார்ப்பது. இரண்டாவது, சிவப்புப் பொத்தானை அழுத்தி அதே கணக்கை எடுப்பது. பெங்களூரில் 1962-இல் மத்திய யந்திரக் கருவி நிலையமாக நிறுவப்பட்டு, இன்று மத்திய உற்பத்தித் தொழில்நுட்ப நிலையம் எனப்படும் அமைப்பும், மும்பையிலுள்ள மத்தியத் தொழிலாளர் நிலையமும் சேர்ந்து இச்சோதனைக்குரிய முறையை ஒரு பக்கத்தில் எழுதித் தந்துவிடலாம்.

பழைய யந்திரங்களின் நிலை வேறு. ஏலத்தில் எடுக்கப்பட்டு, கைமாறிக் கைமாறிச் சிறு தொழிற்கூடங்களை அடையும் யந்திரத்தில் எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் புதுப்பிக்க அதன் உடைமையாளரால் இயலாது. அத்தகையோர் பிடிமேடையின் ரிலேயை முதலிலும், கைப்பிடியின் ஸ்விட்சை அடுத்தும், விடுவிப்பு வால்வின் முத்திரையை அதனோடும் செய்துகொள்வது தகும். சிவப்புப் பொத்தானின் கம்பிகளைத் திறந்து, பிடிமேடையின் இணைப்பு அதனோடு பிணைக்கப்பட்டிருந்தால் அதைப் பிரித்துத் தனியே அமைப்பதற்கு ஓர் எலெக்ட்ரீஷியனின் அரைநாள் வேலையே வேண்டும். அதனை இவையனைத்துக்கும் முன்னரே செய்துவிடலாம்.